காபி இயந்திரம் வேண்டாம், நன்றி

காபி இயந்திரம் விற்பவர்களுக்குச் சோறு போடுவது மின்னஞ்சல் முகவரிதான். பூரோஸ் நகரில் இருக்கும் எங்கள் அலுவலகத்தில் முகவரி தேட ஒரு மென்பொருள் வாங்க முடிவானது. இரண்டில் எது நல்லது என்று பார்க்கச் சொல்லி மேலாளர் ஸ்டெல்லான் என்னிடம் விட்டார்.

முதலாவதற்கு ஆளின் பெயரும் நிறுவனமும் தெரிய வேண்டும். மற்றது, பெயரையும் தொழிலையும் சொன்னாலே ஆள் எங்கே இருக்கிறார் என்று துழாவி எடுத்துவிடும். சுலபமாகக் கிடைக்கிற பெயர்களை வைத்துச் சோதித்து என்ன பயன்? கிடைக்காத பெயர் ஒன்று எனக்குத் தெரியும். இல்வா, என் தம்பி ஹோகனின் மனைவி.

எங்கள் நாட்டில் யார் வீட்டு முகவரியையும் யாரும் பார்க்கலாம். இல்வா தம்பியை விட்டு மகளோடு போன பிறகு அவளுடையதை மட்டும் அரசாங்கம் மறைத்துவிட்டது. தம்பி துரும்பாக இளைத்தான். ஞாயிறுதோறும் என் சமையலறையில் உட்கார்ந்து அழுவான். நான் தூக்கி வளர்த்த பிள்ளை, ஐயா. பார்க்கச் சகிக்கவில்லை.

"ஒரே ஒரு தடவ பேசணும்க்கா."

"பேசி என்னடா பண்ணப்போற?"

"மன்னிப்பு கேக்கணும்."

முதல் மென்பொருள் கையை விரித்தது. இரண்டாவது, கால்மர் நகரில் ஒரு பல் மருத்துவமனையில் உதவியாளராக இருக்கும் ஓர் இல்வாவைக் காட்டியது. குடும்பப் பெயர் வேறு. அவள்தானா என்று உறுதி செய்யாமல் அறிக்கை எழுத முடியுமா? அது கொடுத்த மின்னஞ்சல் முகவரிக்கு ஸ்டெல்லான் பெயரில் விற்பனைக் கடிதம் அனுப்பினேன். என் பெயரில் போயிருந்தால் பயந்திருப்பாள்.

அன்றே பதில் வந்தது. "காபி இயந்திரம் வேண்டாம், நன்றி. உங்களுக்கு நல்லா விக்கட்டும்."

அவளேதான். விற்பனைக் கடிதத்துக்கு வேறு யார் பதில் போடுவார்கள்? முன்பு என் வீட்டில் சாப்பிடும்போது சொல்லியிருக்கிறாள்: "உங்கள நெனச்சுதான் அண்ணி எல்லாருக்கும் பதில் போடுறேன். பாவம், காத்துக்கிட்டு இருப்பாங்கல்ல."

ஞாயிறன்று மருத்துவமனையின் பெயரை ஹோகனிடம் சொன்னேன். அது மட்டும்தான். வீடு எனக்கும் தெரியாது. மறுநாள் காலை, அவள் மருத்துவமனைக் கதவைத் திறக்கும்போது அவன் அவளைக் கொன்றுவிட்டான். அந்தக் குழந்தைதான் பாவம். அறிக்கையில் இரண்டாவதையே வாங்கலாம் என்று எழுதினேன். அது சரியாகத்தான் வேலை செய்தது.

தம்பி இப்படிச் செய்வான் என்று தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியாது. என் வீட்டில் அவன் குரலை உயர்த்தியதுகூட இல்லை. அவன் வருகிற ஞாயிறுகளில் கேக்கை முன்னதாகவே வெட்டிவைத்துவிட்டு, கத்திகளையெல்லாம் கார் டிக்கியில் பூட்டிவிடுவேன். அன்றும் பூட்டியிருந்தேன்.