பேத்தியைப் பார்க்க ஒரு பெரிய ஸ்கிரீன்

ஈப்போவில் கார்களுக்கு ஸ்கிரீன் பொருத்தும் கடையில் காத்திருந்தேன். சிலிம் ரிவரிலிருந்து வந்த ஒருவர், மனைவியைப் பின்சீட்டில் உட்காரவைத்துவிட்டுக் கடைக்காரரிடம் சொன்னார்.

“இருக்கிறதுலயே பெரிய ஸ்கிரீனா, அவ மூஞ்சிக்குக் கிட்ட போடுங்க அண்ணே.”

“அவ்ளோ கிட்ட வச்சா கண்ணு கெட்டுரும்லா.”

“இனிமே கெட என்னா இருக்கு? கண் ஆஸ்பத்திரிக்குத்தான் வந்துகிட்டு இருக்கோம். வெளிநாட்டுல மகளுக்குக் குழந்தை பொறந்திருக்கு. போன்ல வீடியோ பாத்தா தெரியலங்கிறா.”

கடைக்காரர் ஸ்கிரீனை மாட்டிவிட்டு வீடியோவை ஓடவிட்டார். குழந்தை சிரிக்கும் சத்தம் மட்டும் ஸ்பீக்கரில் வந்தது. ஸ்கிரீன் ஒயரை அவர் இன்னும் இணைக்கவில்லை.

“நல்லா தெரியுதுங்க. அப்படியே நம்ம மக மூக்கு” என்றார் மனைவி.

கணவர் கறுப்பாக இருந்த ஸ்கிரீனைப் பார்த்தார்.

“ஆமா, அதே மூக்குத்தான்” என்றார்.