நாலு நேர்க்கோடு

உங்க ஸ்டேஷன் டீ பரவாயில்லை, கண்ணு. கொஞ்சம் ஆறிப்போச்சு, அதனால என்ன. நான் சொல்லச் சொல்ல நீங்க எழுதிக்கிறேன்னீங்க, வேண்டாம். நானே டைப் அடிச்சுக் குடுத்துடறேன். டின் கதீட்ரல் ரசிகர் சங்கத்துக்கு நாப்பத்தாறு வருஷமா மாசப் பத்திரிகை அடிச்ச விரல் இது. பேசற மாதிரியேதான் அடிப்பேன், அதுதான் எங்க ஜனங்களுக்குப் பிடிக்கும்.

பேரு ஹேசல் பார்ட்ரிஜ். வயசு எழுபத்திமூணு. சர்க்கரை இருக்கு, அதனால பிஸ்கட்டை நீங்களே சாப்பிடுங்க.

டின் கதீட்ரல் யாருன்னு உங்களுக்குத் தெரியாது, வீட்டுக்குப் போனா அப்பாவைக் கேளுங்க. நாலு பேர். ரோலண்ட் பாடுவார். டெஸ்மண்ட் கிதார். மால்கம் பேஸ் கிதார். வில்ஃப் டிரம்ஸ். நாலு பேரும் இங்கேதான், பர்மிங்காமுக்கு மேற்கே, பூட்டுக் கம்பெனியில வேலை பாத்தவங்க. மேல்சட்டையில எண்ணெய்க் கறையோட மேடை ஏறினாங்க. எனக்கு அப்ப பதினேழு வயசு. தடுப்புக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு முன்வரிசையில நின்னேன். வில்ஃப் அடிச்ச முதல் அடி என் பல்லுல கேட்டுது. அதுக்கப்புறம் நான் வேற எங்கேயும் நின்னதில்லைன்னு வச்சுக்கங்களேன்.

நாலு பேர்ல யாரைப் பிடிக்கும்னு கேக்கறது புதுசா வர்ற பொண்ணுங்க வழக்கம். எனக்கு அப்படியெல்லாம் கிடையாது. நாலும் சேந்ததுதான் எனக்கு. ரோலண்டுக்கு மூச்சு வாங்குச்சுன்னா வில்ஃப் ஒரு அடி கூட அடிச்சு நேரம் வாங்கிக் குடுப்பார். டெஸ்மண்ட் கம்பி அறுந்தா மால்கம் அந்த ஓட்டையை மூடிடுவார். கல்யாணம்னா இப்படி இருக்கணும்னு நினைச்சுப்பேன். என்னோடதும் நல்ல கல்யாணம்தான். லென் தங்கமான மனுஷர். அவர் ஆஸ்பத்திரியில கடைசி நிலையில இருந்தப்ப ஷெஃபீல்டுல கச்சேரி. போயிட்டு வந்துடறேன்னு சொல்லிட்டுத்தான் போனேன். மூணாவது பாட்டு நடக்கறப்ப போயிட்டாராம். நர்ஸு என்கிட்ட முகம் குடுத்துப் பேசலை. அவ டின் கதீட்ரல் கேட்டிருக்க மாட்டா.

இப்ப அந்த வரைபடத்தைப் பத்திச் சொல்லணும், அது புரியாட்டா மத்தது புரியாது. இந்த மாதிரிக் குழு ஒவ்வொண்ணுக்கும் ரசிகருங்க ஒரு வரைபடம் போட்டு வச்சிருப்போம். யார் எப்ப சேந்தாங்க, யார் எப்ப விலகினாங்க, அவங்க இடத்துக்கு யார் வந்தாங்கன்னு. மத்தவங்களோடதைப் பாத்தா கிழிஞ்ச வலை மாதிரி இருக்கும். எங்களோடது நாலு பேரு, நாலு நேர்க்கோடு. அவ்வளவுதான். மத்த சங்கத்துக்காரங்க அதைப் பாத்துப் பெருமூச்சு விடுவாங்க. விலகினார்ங்கற வார்த்தையை நான் ஒரு தடவை கூட அடிச்சதில்லை. செத்துப்போனா வேற விஷயம். அதுக்குக் கோட்டு நுனியில சின்னதா ஒரு சிலுவை போடுவோம். அது விலகல் கணக்குல வராது. செத்தவர் எப்பவும் குழுவுலதான் இருக்கார். உலகம் பூரா ரசிகருங்க ஒத்துக்கிட்ட விஷயம் இது, நானாச் சொல்லலை.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நவம்பர், ஞாயித்துக்கிழமை. எங்க டவுன்ஹால்ல கச்சேரி. எங்க கூட்டத்துக்கு வயசாயிடுச்சு, ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்கு மேல பஸ்ஸும் கிடையாது, அதனால மத்தியானம் ரெண்டரைக்கே ஆரம்பம். வழக்கம்போல சீஸும் வெங்காயமும் வச்ச பன் கொண்டுபோயிருந்தேன். மேடைக்குப் பின்னாடி அறையில வில்ஃப் மட்டும்தான் இருந்தார். முழங்கால் ரெண்டுலயும் ஐஸ் பை.

"ஏம்மா, கதவைச் சாத்து," அப்படின்னார். "பத்திரிகை அடிக்கறவ நீ, அதனால உன்கிட்ட முதல்ல சொல்றேன். இன்னியோட சரி."

"எது சரி?"

"நான்தான். என் வீட்டுக்காரி பாலீன் ஸ்பெயின்ல வீடு பாத்துட்டா. ஏறி இறங்க ஒரு படி கூடக் கிடையாதாம், அதைக் கேட்டதும் கையெழுத்துப் போட்டுட்டேன். கடைசிப் பாட்டுக்கு முன்னாடி ரோலண்ட்கிட்ட மைக்கை வாங்கி நானே சொல்லிடப் போறேன்."

"அடுத்த வருஷம் ஐம்பத்தஞ்சாவது வருஷமாச்சே."

"குழுவுக்கு ஐம்பத்தஞ்சு. என் முழங்காலுக்குத் தொண்ணூறு. வேணும்னா நீ வந்து உக்காந்து அடி."

நான் சிரிக்கலை. கெஞ்சினேன், கண்ணு. சொல்ல வெக்கமில்லை. பாதிக் கச்சேரி வாசிச்சாப் போதும்னேன். உக்காந்த இடத்துல சும்மா இருந்தாப் போதும், டேப்புல ஓட விடலாம்னேன். தரையில உக்காந்து அவர் சட்டைக் கையைப் பிடிச்சுக்கிட்டேன். சொல்லாம மட்டும் இருங்க, நோய்னு சொல்லிக்கலாம், லீவுன்னு போட்டுக்கறேன், விலகினார்னு மட்டும் என்னை அடிக்க வைக்காதீங்கன்னேன்.

அவர் கோவப்படலை. அதுதான் கஷ்டமாப் போச்சு. மெதுவா என் விரலை எடுத்துவிட்டுட்டு, "எங்களையே பாத்துக்கிட்டுக் கிழவியாயிட்டியேம்மா. போ, நீயும் போய்க் கொஞ்சம் உன் வாழ்க்கையைப் பாரு," அப்படின்னார். பன்னை எடுத்துக் கடிச்சார். நல்லா இருக்குன்னார்.

கழிப்பறைக்குப் போய்த் தாப்பாள் போட்டுக்கிட்டேன். என் வீடு கண்ணு முன்னாடி வந்துது. லென் நாற்காலி, சுவர் பூரா அந்த நாலு முகம், அடிக்கறதுக்கு விஷயமில்லாம ஒரு மெஷின். செவ்வாய்க்கிழமை காலையில எழுந்து என்ன பண்ணுவேன்னு யோசிச்சேன். ஒண்ணும் தோணலை. அப்புறம் முகத்தைக் கழுவிக்கிட்டு நிதானமா யோசிச்சுப் பாத்தேன். அவர் இன்னும் சொல்லலை. சொன்னாத்தானே விலகல்.

கச்சேரியில ஒரு முறை இருக்கு. கடைசிப் பாட்டுக்கு முன்னாடி நாலு பேரும் கையாட்டிட்டு உள்ள போயிடுவாங்க. விளக்கெல்லாம் அணைஞ்சிடும். திரும்பி வருவாங்கன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் வரவே மாட்டாங்கங்கற மாதிரி ஜனம் தரையை உதைச்சுக் கத்தணும். லேட்டாக்க ஆக்க இன்னும் கத்துவாங்க. அந்த இருட்டுல வயசானவங்க தடுக்கி விழுந்துடக் கூடாதேன்னு டார்ச் பிடிக்கறது என் வேலை. பதினெட்டு வருஷமா நான்தான். மூணு பேரும் மேடைக்கு வலது பக்கம் நாற்காலியில உக்காந்து தண்ணி குடிப்பாங்க. வில்ஃபுக்கு மட்டும் ஒண்ணுக்குப் போயாகணும். அவரை இடது பக்கமாக் கூட்டிட்டுப் போவேன். தரையில ஒரு வட்டம் வெளிச்சம் காட்டுவேன், அவர் அதை மட்டும் பாத்து நடந்து வருவார்.

அந்த வழியில தரையில ஒரு பலகைக் கதவு இருக்கு. கீழ் அறையிலேருந்து கனமான பெட்டியெல்லாம் மேல தூக்கறதுக்கு. ரெண்டு ஆள் ஆழம். வில்ஃபோட தனி டிரம்ஸ் நடக்கறப்ப மேடை ஆளுங்க எல்லாரும் அதைப் பாக்க அந்தப் பக்கம் போயிடுவாங்க. கொக்கியை எடுத்துப் பலகையைத் தூக்கிச் சாய்ச்சு வச்சேன். முதுகு பிடிச்சுக்கிச்சு. சத்தம் யாருக்கும் கேக்கலை, அவர் அவ்வளவு நல்லா அடிச்சார் அன்னிக்கு.

விளக்கு அணைஞ்சுது. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நின்னு தரையில வெளிச்சம் காட்டினேன். "அங்கேதான் இருக்கியா?"ன்னார். இங்கேதான், வாங்கன்னேன். வந்தார்.

நான் சுத்தி நடந்து வலது பக்கம் போனேன். ஜனம் உதைக்கற உதையில சுவரெல்லாம் அதிருது. ரோலண்ட், "எங்கம்மா அவன்? இவன் ஒண்ணுக்குப் போற நேரத்துல இன்னொரு ஆல்பம் போட்டுடலாம் போலிருக்கே," அப்படின்னார். டெஸ்மண்ட், "விடுப்பா, குழாய் பழசு," அப்படின்னார். மூணு பேரும் சிரிச்சாங்க. வந்துக்கிட்டே இருக்கார்னு நானும் சிரிச்சேன். வெளிய எழுநூறு பேர் வில்ஃப், வில்ஃப்னு கத்தறாங்க. எந்தக் கலைஞனுக்குக் கிடைக்கும் அது, சொல்லுங்க.

விபத்துன்னு முடிச்சாங்க. பலகையை மூடாம விட்டார்னு கிரெய்க்னு ஒரு மேடை ஆளை வேலையை விட்டு எடுத்தாங்க. மூணு பிள்ளை அவருக்கு. ரெண்டு கிறிஸ்துமஸுக்கும் கார்டு அனுப்பினேன், பதில் போடலை, பழக்கமில்லை போலிருக்கு. பாலீன் சவ அடக்கத்துல என்னைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு அழுதா. அந்த மாசப் பத்திரிகை நான் அடிச்சதுலயே நல்ல பத்திரிகை. கோட்டு நுனியில சிலுவை போட்டேன். நேரா இருந்துது கோடு.

அப்படியே விட்டிருந்தா நான் இங்க வந்திருக்கவே மாட்டேன். போன வாரம் மூணு பேரும் அறிவிச்சுட்டாங்க. வேற ஒருத்தனைப் பிடிச்சிருக்காங்க. முப்பத்திரண்டு வயசு, கழுத்து பூராப் பச்சை குத்தியிருக்கான். மார்ச்சுல இருபது ஊர்க் கச்சேரி, குழுவுக்கு அதே பேரு. அஞ்சாவதா ஒரு பேரு, அஞ்சாவதா ஒரு கோடு, நான் எங்கே போடுவேன் அதை. ரோலண்டுக்கு மூணு கடிதம் எழுதினேன். அச்சடிச்ச நன்றிக் கார்டு வந்துது. வில்ஃபை ஒருத்தர் கொன்னார்னு தெரிஞ்சா அந்தப் பேரை வச்சுக்கிட்டு ஊர் ஊராப் போய்ப் பாட முடியாது இல்லையா. கலைச்சுத்தான் ஆகணும். அதுக்குத்தான் வந்தேன். வில்ஃபைக் கொன்னது நான். இதைப் பெரிய எழுத்துல போட்டுக்கங்க.

வலது பக்கத்துலேருந்து திரும்பி வந்தப்புறம், அவரைத் தேடிக் கண்டுபிடிக்கற வரைக்கும் பதினோரு நிமிஷம் என்ன பண்ணினேன்னு கேட்டீங்க. அன்னிக்கு விசாரணையில, ஜனம் போட்ட கூச்சல்ல எனக்கு ஒண்ணும் கேக்கலைன்னு சொல்லியிருந்தேன். அது பொய். டார்ச்சை அணைச்சுட்டு அந்தப் பள்ளத்து ஓரத்துல உக்காந்திருந்தேன். முதல்ல பாலீன்னார். அப்புறம் ரோலண்டைக் கூப்பிட்டார். அப்புறம் மேல நான் இருக்கறது தெரிஞ்சுதோ என்னமோ, ஹேசல்னார். ஐம்பத்திநாலு வருஷத்துல நாலு பேர்ல ஒருத்தரும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. என் பேரு அவருக்குத் தெரியும்னே எனக்குத் தெரியாது. ஹேசல், ஹேசல்னு சொல்லிக்கிட்டே இருந்தார், குரல்தான் வர வரக் குறைஞ்சுக்கிட்டே வந்துது. ஏன் ஒருத்தரையும் கூட்டிட்டு வரலைன்னு நீங்க கேக்கறது நியாயம்தான், கண்ணு. யாராவது வந்துட்டா அவர் கூப்பிடறதை நிறுத்திடுவாரே.