இருபத்துநாலு போல்ட்

நான் பேருக்கு ஆசைப்படுகிற ஆள் இல்லீங்க, இன்ஸ்பெக்டர் சார். அதை முதலில் எழுதிக்கங்க.

எருமப்பட்டி செங்கோட்டையனின் கோழிக் கொட்டகைக் கூரை ஆடிக் காற்றில் பறந்தது, தச்சு வேலை மோசம் என்று நீங்கள் முடித்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அதில் பாதி தப்பு. திருத்தத்தான் வந்தேன்.

நாமக்கல்லில் இருபது வருசமாக லாரிக்கு பாடி கட்டுகிறேன். மரச்சட்டம் எப்படி நிற்கும் என்பது எனக்குத் தெரியும். அந்தக் கொட்டகையைக் கட்டினதும் நான்தான். காற்று பக்கவாட்டில் தள்ளும். அந்தத் தள்ளலைக் கூரை வாங்கி, இரண்டு கோடியிலும் இருக்கிற பலகைச் சுவருக்குக் கொடுக்கும். சுவர் தரைக்குக் கொடுக்கும். கான்கிரீட் போடும்போது சட்டி கை மாறுகிற மாதிரி. நடுவில் ஒருத்தன் கையை எடுத்தால் சட்டி யார் காலிலாவது விழும்.

கூரையையும் சுவரையும் பிடிக்கிற இரும்புப் பட்டைதான் அந்த நடுக் கை. அஸ்தம்பட்டி இன்ஜினியர் அருணகிரி வரைந்த படத்தில் அங்கே வெறும் ஆணி. பட்டை வைத்து இருபத்துநாலு போல்ட் முடுக்கியது நான்.

லாரி பாடி முடிந்தால் கட்டினவன் பேரை அதில் எழுதுவது எங்கள் வழக்கம். கொட்டகை முகப்புப் பலகையில் 'அமைப்பு: அருணகிரி' என்று மட்டும் எழுதியிருந்தது.

"என் பேருங்க?" என்றேன்.

"கோழிக்குப் படிக்கத் தெரியாதப்பா. உன் பேரைப் போட்டா ரெண்டு முட்டையா வெக்கப்போவுது?" என்றார் செங்கோட்டையன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆடியில் ஒரு மத்தியானம், அவர் சாப்பிடப் போன நேரம், ஸ்பேனரோடு போய் என் போல்ட்களை மட்டும் கழற்றினேன். ஆணியைத் தொடவில்லை. அடுத்தவர் வேலையில் நான் கை வைப்பதில்லை. பலகையில் எழுதியிருந்தபடி அது அருணகிரி கொட்டகை ஆனது, அவ்வளவுதான்.

சாப்பிட்டு வந்தால் செங்கோட்டையன் கொட்டகைக்குள்ளே கட்டிலில் தூங்குவார் என்பது எனக்குத் தெரியும். எதிர்ப் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். திறந்த பக்கங்களில் சாக்குப் படுதா இறக்கியிருந்ததால் காற்று முழுசாகப் பிடித்தது. மூன்று மணிக்குக் கூரை கிளம்பியது. சுவர் அசையவில்லை. அது என் வேலை, கவனிங்க.

முதலில் ஓடித் தூக்கினதும் நான்தான். இரண்டு காலும் முறிந்திருந்தது. "சாமி, நீ இல்லீனா செத்திருப்பேன்" என்று அழுதார். ஊரெல்லாம் அன்றைக்குக் கோழிக் குழம்பு. எங்கள் ஊட்டிலும்தான்.

அதனால் தச்சு வேலை மோசம் என்பதை அடிச்சிருங்க. கொல்லப் பார்த்தான் என்று எழுதுங்க, பரவாயில்லை. பேர் தண்டாயுதபாணி.

கீழே வேண்டாங்க. மேலே, கொஞ்சம் பெரிய எழுத்தில்.