இறங்கும்போது எடுத்த பதினோரு புள்ளிகள்

— கதவைச் சாத்திட்டு உட்காரு ஓட்சோ. காபி அப்புறம் குடிக்கலாம், கோப்பையைக் கீழ வை. இந்தப் படத்துல பதினோரு புள்ளியைக் காணோம். எங்க போச்சு?

— அது வந்து... எந்தப் படம், ஹில்க்கா?

— உன் ஆய்வேட்டுல நாலாவது படம். வெள்ளிக்கிழமை வால் வச்ச கறுப்புக் கோட்டு மாட்டிக்கிட்டு, எஸ்போ ஊரே பார்க்க நின்னு நீ வாதாடப் போற படம். பாஸ்பரஸ் கலந்த ஜெர்மானியத் துண்டு. இன்னும் துளி பாஸ்பரஸ் சேர்ந்திருந்தா உலோகமாயிருக்கும், அந்தத் துளி இல்லாததால மின்சாரத்தை விடமாட்டேங்குது. அதை உறைய வச்சு, மின்னழுத்தத்தை மெல்ல மெல்ல ஏத்தினே. ஓரிடத்துல மின்னோட்டம் சடார்னு ஆயிரம் மடங்கு தாவுது. ரொம்ப அழகு. திரும்ப இறக்கினப்ப எடுத்ததெல்லாம் எங்க?

— இறக்கினப்ப... சரியா வரல.

— என்கிட்ட பொய் சொல்லாத. காலையில கீழ போய் ஆய்வகக் கணினியைத் திறந்து பார்த்தேன். ஏத்தினப்ப எடுத்தது, இறக்கினப்ப எடுத்தது, ரெண்டும் இருக்கு. தாவின இடத்துக்குத் திரும்பி வந்தும் மின்னோட்டம் விழல. அழுத்தம் பாதியானப்புறம்தான் விழுது. அந்தப் பகுதியை மட்டும் வழிச்சு எடுத்துட்டே.

— ஆமா. எடுத்துட்டேன்.

— எவ்வளவு சாதாரணமா சொல்றே. ஒரு புள்ளி குளிர்ந்து நிலைக்க ஒன்றரை மணி நேரம் ஆகுது. கண்ணு பூத்துப் போய் நாங்க காத்துக்கிடந்து எடுக்கறது அது. நீ என்னடான்னா தோட்டத்துக் களை மாதிரி பிடுங்கிப் போட்டிருக்கே. பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதியாச்சு. உன்னைக் கேள்வி கேக்க சுவீடன்லேருந்து வர்றவரையும் வரவேண்டாம்னு சொல்லப்போறேன்.

— வெள்ளிக்கிழமை விருந்துக்கு எங்கம்மா மண்டபம் பிடிச்சிருக்காங்க.

— எதுக்கு விருந்து, ஏமாத்தினதுக்கா?

— கடிதத்தை அனுப்புங்க, நான் தடுக்கல. ஆனா அந்தப் புள்ளிங்க என்ன சொல்லுதுன்னு யோசிச்சீங்களா?

— நீயே சொல்லேன், கேக்கறேன்.

— எலக்ட்ரான் சூடாயிடுச்சுன்னு சொல்லுது. நம்ம தெர்மாமீட்டர் காட்டறது துண்டோட குளிரை. உள்ள எலக்ட்ரானெல்லாம் தனியாக் கொதிச்சுக்கிட்டிருக்கு. ஒருதடவை சூடேறிட்டா, அழுத்தத்தைக் குறைச்சாலும் லேசுல ஆறாது. அதான் ஏறின வழி வேற, இறங்கின வழி வேற. மின்புலமே எலக்ட்ரானை இழுத்து, அது சிக்கியிருக்கிற பள்ளத்துலேருந்து அடுத்த பள்ளத்துக்குத் தாவ வைக்குதுன்னா, ரெண்டு வழியும் ஒண்ணாத்தானே இருக்கணும்?

— மின்புலம்தான் தாவ வைக்குதுன்னு சொன்னது நான்.

— ஆமா. உங்க பேர்ல இருக்கிற விதி. அந்தப் பதினோரு புள்ளியைச் சேர்த்தா என் ஆய்வேடு கெட்டுப்போகாது ஹில்க்கா, புதுசா ஒண்ணைக் கண்டுபிடிச்சதா ஆகும். விழறது உங்க விதிதான்.

— ஓ. பரிதாபப்பட்டு என்னைக் காப்பாத்தினியா? உன்கிட்ட யார் கேட்டா? விதி தப்புன்னா தப்புன்னு எழுது, என் பேரையும் போட்டு எழுது. என் முகத்தைப் பார்த்து அளவை மறைக்கிறவனுக்கு இந்த ஆய்வகத்துல இடம் இல்ல. இத்தனை வருஷத்துல நான் ஒரு புள்ளியையாவது...

— வேண்டாம் ஹில்க்கா. அதைச் சொல்லி முடிக்காதீங்க.

— ஏன் முடிக்கக் கூடாது?

— நான் எழுதத்தான் போனேன். இதை முன்னாடி யாராவது பார்த்திருக்காங்களான்னு அலமாரியிலேருந்து பழைய அளவுப் புத்தகங்களை எடுத்தேன். ரெண்டாயிரத்து நாலு, மார்ச். இதே மாதிரி துண்டு. ஏத்தின அளவுக்குக் கீழ இறக்கின அளவும் இருக்கு. அது மேல பென்சில்ல ஒரு குறுக்குக்கோடு. ஓரத்துல 'கம்பி தளர்வு, சேர்க்க வேண்டாம்'னு எழுதியிருக்கு. உங்க கையெழுத்து. அதைப் பார்த்தப்புறம்தான் நானும் எடுத்தேன்.

— அந்தப் பக்கத்தையா பார்த்தே?

— கம்பி தளர்ந்திருக்கும்னு நம்பினேன், ஹில்க்கா. நம்பணும்னு பார்த்தேன்.

— அன்னைக்கே பிரிச்சுப் பார்த்தேன் ஓட்சோ. கம்பி இறுக்கமாத்தான் இருந்துச்சு.