திரைக்கு அந்தப் பக்கம் என் தம்பி

அவைக்குத் தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் அண்ணன் தணிகாசலம் அவர்களே! ஆலைப் புகையில் ஆயுளைக் கரைத்த பெரியோர்களே! ஷிப்டு முடிந்து சோறும் உண்ணாமல் வந்திருக்கும் தோழர்களே! பிள்ளைகளை மடியில் கிடத்திக் கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்களே! நாம் பாராட்டக் கூடியிருந்தும் மேடைக்கு வர மறுத்துத் தூணோரம் அமர்ந்திருக்கும் எங்கள் ஈஸ்வரி சிஸ்டரே! உங்கள் ஜெரால்டு வணக்கம் சொல்கிறேன்.

"சத்தமா பேசுண்ணா" என்கிறது பின்வரிசை. சத்தமாகச் சொல்லக்கூடிய செய்தி அல்ல, தம்பி. மைக்கை அருகில் இழுத்துக்கொள்கிறேன்.

என் தம்பி ஜோஷ்வா இந்தக் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு உருக்காலையில் உலையடியில் நின்றவன். போன மழைக்காலத்தில், நனைந்த பழைய இரும்பை அப்படியே உலையில் கொட்டினார்கள். ஈரம் பட்டதும் இரும்புக் குழம்பு வெடித்துச் சீறியது. சிரித்த முகத்தோடு போனவன் சிதைந்த முகத்தோடு வந்தான்.

அரசு மருத்துவமனை, தீக்காய வார்டு. பிழைக்க மாட்டான் என்று டாக்டர் என்னிடம் சொல்லிவிட்டார். கதவுக்கு வெளியே அவன் மனைவி ஏஞ்சல், நிறைமாத வயிற்றோடு.

உள்ளே அவன் கெஞ்சுகிறான்: "சிஸ்டர், என் மூஞ்சிய அவ பாக்கவே கூடாது. வயித்துல புள்ளைய வெச்சிக்கினு கீறா."

வெளியே இவள் கதறுகிறாள்: "ஒரு தபா உள்ள வுடுங்க!"

யார் பக்கம் நிற்பது? அவன் சொல்லைக் காப்பதா? அவள் கண்ணீரைத் துடைப்பதா? உடன்பிறந்த எனக்கே வழி தெரியவில்லை.

அங்கே பணியிலிருந்த ஈஸ்வரி சிஸ்டர் வந்து, ஏஞ்சல் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "மறைக்காம சொல்றேம்மா. அவுரு பொழைக்கறது கஷ்டம். மூஞ்சிய நீ பாக்கக் கூடாதுங்கறாரு. அத நான் மீற மாட்டேன். ஆனா உன்ன வெளியவும் நிக்க வெக்க மாட்டேன்."

கட்டிலுக்குக் குறுக்கே பச்சைத் துணித் திரையை இழுத்தார். கனத்த பூட்ஸுக்குள் இருந்ததால் தம்பியின் பாதங்கள் மட்டும் வேகவில்லை. திரைக்கு இந்தப் பக்கம் தெரிந்தவை அவை மட்டுமே. ஏஞ்சலை உள்ளே அழைத்து, அவள் கையைக் கழுவிவிட்டு, அந்தப் பாதத்தின்மேல் வைத்தார்.

"கை சில்லுனு கீது. நாஷ்டா துன்னியா?" என்றான் அவன்.

"துன்னேன்."

"பொய் சொல்ற."

சிரித்தாள், ஐயா! அந்த வார்டில், அந்த வேதனையில், என் தம்பி மனைவி சிரித்தாள்! அவனும் சிரிக்க முயன்றான், இருமல்தான் வந்தது. பிறகு சொன்னான்: "எம்புள்ளைய உலைக்கு மட்டும் அனுப்பாத, ஏஞ்சலு."

விடியும்போது அவன் போய்விட்டான். பாதத்தைப் பிடித்தபடி அவள் இருந்தாள்.

என்ன சிஸ்டர், போதும் என்று கையசைக்கிறீர்களா? இன்று மட்டும் உங்கள் பேச்சைக் கேட்க மாட்டேன்!

ஷிப்டு முடிந்தும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. பிணவறை வாசலில் உறவினர்கள் முகத்தைத் திறக்கச் சொன்னபோது குறுக்கே நின்றார். "தொறக்காதீங்க. அவருக்கு வாக்கு குடுத்திருக்கேன்." இறந்தவன் வந்து கேட்கவா போகிறான்? ஆனாலும் காத்தார்! வண்டி கிளம்பிய பிறகுதான் சுவரில் சாய்ந்து அழுதார்.

எதைக் கொண்டு நன்றி சொல்வோம்? மாலையாலா? சால்வையாலா? தோழர்களே, ஆபத்தென்று தெரிந்த வேலையை எவன் ஏவினாலும் செய்ய மாட்டோம் என்று சேர்ந்து நில்லுங்கள்! முதலாளி முறைக்கட்டும், மேஸ்திரி மிரட்டட்டும், நில்லுங்கள்! அந்த வார்டின் கட்டில்கள் காலியாகக் கிடக்கட்டும்! எங்கள் ஈஸ்வரி சிஸ்டர் ஒரு நாளாவது வேலையில்லாமல் உட்கார்ந்து, ஆற அமர டீ குடிக்கட்டும்!

ஏஞ்சல் சார்பிலும், அப்பன் முகம் அறியாத அவள் மகள் சார்பிலும், சிஸ்டர், உங்களைக் கைகூப்பி வணங்குகிறேன். பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்.