சுடலையாண்டி நீட்டின கை

கல்வெட்டுல என் பேரு இல்லாமப் போச்சு. அதான் நடந்தது. மேலகரத்துல கபடி ஆடுன பழைய ஆளுங்க பேரையெல்லாம் கல்லுல வெட்டுதானுவ. பதினாலு பேரு. தளவாய்ங்கிற பேரு கிடையாது.

இந்த பஸ்ஸுல நீங்க குற்றாலம் வரைக்குமா தம்பி? அந்தத் தோள்பைய அங்கன தள்ளி வைங்க. என் முட்டி மடங்காது.

எங்க விட்டேன்... ஆங். இந்தப் பக்கத்துல காசு வாங்கி ஆடுன முத ஆளு நான்தான். எந்த ஊரு கூப்பிட்டாலும் போவேன். பஸ் செலவு, ஒரு பனியன், கறிச்சோறு. ராயகிரிக்கு மட்டும் எட்டு வருசம். கபடி கபடின்னு பாடிப் போனா ரெண்டு பேரத் தொடாம திரும்ப மாட்டேன். நடுக்கோட்டுக்கிட்ட வந்ததும் எங்க கேப்டன் சுடலையாண்டி கைய நீட்டுவான். பிடிச்சு ஒரே இழு. இங்கிட்டு வந்து விழுவேன்.

அப்புறம் மேலகரத்துக்காரன் கூப்பிட்டான். பைனலு. எதுத்தாப்புல ராயகிரி. நமக்கென்ன, போட்ட பனியனுக்கு ஆடணும், அதான தொழிலு. கடைசிப் பாட்டு. மூணு பேரத் தொட்டாச்சு. திரும்புதேன்... பிடிச்சுட்டானுவ. மேலகரம் தோத்துட்டு.

ஆட்டத்த வித்துட்டான்னு சொல்லிட்டானுவ. அதோட சரி, ஒரு ஊரும் கூப்பிடல. வீட்டுல என் பொஞ்சாதி குருவம்மாளே கேட்டா, நெசமான்னு. கால் வழுக்கிட்டுன்னு சொன்னேன். அம்பது வருசமா அதத்தான் சொல்லுதேன்.

செல்போன அப்புறம் பாக்கலாம், கேளுங்க.

வழுக்கல தம்பி. சுடலையாண்டி கோட்டுக்கிட்ட நின்னு கைய நீட்டுனான். நான் பிடிச்சுட்டேன். எட்டு வருசப் பழக்கம்லா. இப்ப அவன் எதிராளின்னு புத்திக்குத் தெரியும், கைக்குத் தெரியல. அதுக்குள்ள நாலு பேரு மேல விழுந்துட்டானுவ.

இத வெளிய சொல்ல முடியுமா? கள்ளன்னு சொன்னாக்கூட இருந்துட்டுப் போகுது. மடையன்னுல்லா சொல்லுவான்.

போன ஞாயித்துக்கெழம கல்லத் திறக்கானுவ. நான் போகல. ராயகிரியில இருந்து ஒருத்தன் கம்ப ஊனிக்கிட்டு வந்து மைக்கப் பிடுங்கிருக்கான். "அவன் விக்கலலே. பிடிப்பான்னு தெரிஞ்சுதான் நான் கைய நீட்டுனேன். அவன் பேரு இல்லாத கல்லு என்னலே கல்லு"ன்னுருக்கான். ஊரே சிரிச்சிருக்கு. சிரிக்கட்டும். பதினஞ்சாவது பேர நேத்து வெட்டிட்டானுவளாம். அதப் பாக்கத்தான் போறேன்.

இந்தா, மேலகரம் வந்துட்டு. நீங்க எந்திரிக்காதீய, என்னப் பிடிச்சு எறக்க ஆளு உண்டு. படிக்கிட்ட கைய நீட்டிக்கிட்டு நிக்கான் பாருங்க ஒரு கெழவன்.

அவன்தான் சுடலையாண்டி.