மூன்று மாதம் கழித்து உதிரும்

தலைக்கு எதைத் தேய்க்கலாம் என்றுதான் எல்லோரும் என்னிடம் கேட்பார்கள். என்ன சாப்பிடலாம் என்று யாரும் கேட்டதில்லை. நேற்று எனக்குக் காவலாக உட்கார்ந்திருந்த பெண் காவலரும் தொப்பியைக் கழற்றி வகிட்டைக் காட்டினார். "தலையில பாதி, சீப்புல பாதிங்க. என்ன எண்ணெய் போடலாம்?" என்றார். மேலே பூசுவது மேலேயே நின்றுவிடும், வேருக்கு வயிறு வழியாகத்தான் போக வேண்டும் என்றேன். முடி என்பதே புரதம். முட்டை, பருப்பு, மீன், பால். இரும்புச் சத்துக்குக் கீரை. சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் அந்த இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. அவர் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். நல்ல பெண்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன், ஐயா.

மருத்துவமனைச் சமையற்கூடத்தில் இருபது வருடமாக நோயாளிகளுக்கு உணவுப் பட்டியல் போடுகிறேன். யாருக்கு எத்தனை கிராம் புரதம் என்று நான் எழுதுவதுதான் தட்டில் விழும். வார்டுக்குள் நுழைந்ததும் முகத்தைப் பார்க்க மாட்டேன், தலையணையைப் பார்ப்பேன். அதில் கிடக்கும் முடி நிறையச் சொல்லும். உடம்பு கெட்டிக்காரக் குடும்பத்தலைவி மாதிரி. வரத்து குறைந்தால் இதயத்துக்கும் மூளைக்கும் எடுத்துவைத்துவிட்டு மற்றவர்களுக்குக் கையை விரிக்கும். முடிக்குக் கடைசிப் பந்தி. அதுவும் உடனே தெரியாது. இன்று குறைத்தால், மூன்று மாதம் கழித்து உதிரும். அதற்குள் எதைச் சாப்பிட்டோம், எதைச் சாப்பிடவில்லை என்பதே மறந்திருக்கும்.

அம்மா போனபோது என் தங்கைக்கு நான்கு வயது, எனக்குப் பத்தொன்பது. அப்பா அதற்கு முன்பே இல்லை. வீட்டில் ஒரு முட்டை இருந்தால் அது அவளுக்கு. தினமும் காலையில் அவளை முழங்கால்களுக்கு நடுவே உட்கார வைத்துப் பின்னிவிடுவேன். வளர்ந்து மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குப் போன பிறகும் அப்படித்தான். அவள் பின்னலைச் சுற்றிப் பிடித்தால் என் கட்டைவிரலும் நடுவிரலும் தொடாது. தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு அது நான் கட்டிய வீட்டைப் பார்ப்பது போல இருக்கும்.

கண்ணாடி உடைந்துபோய் அந்தக் கடைக்கு வந்தவர்தான் அவர். பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளர். அதற்குப் பிறகு அவருடைய கண்ணாடி மாதம் இரண்டு முறை உடைந்தது. வீட்டுக்கு வந்த முதல் நாளே, "அக்கா, உங்க தங்கச்சிய கடத்திட்டுப் போகப் போறேன். போலீஸுக்கு மட்டும் போயிடாதீங்க" என்றார். சிரித்தேன். தூர ஊரில் அவருக்குப் பெரிய வேலை கிடைத்திருந்தது. பத்து மாதத்தில் திருமணத்தைப் பதிவு செய்துவிட்டுக் கூட்டிக்கொண்டு போவதாகப் பேச்சு.

எனக்காக மட்டும் என்று ஒரே ஒரு தட்டுக்குச் சமைக்க எனக்குத் தெரியாது, ஐயா. கற்றுக்கொள்ளும் வாய்ப்பு வரவில்லை. காரணம் என்று எழுத இடமிருந்தால் இதை எழுதிக்கொள்ளுங்கள்.

கேட்டவள் அவள்தான். "அக்கா, கல்யாணத்துக்குள்ள கொஞ்சம் இளைக்கணும். ஊருக்கெல்லாம் பட்டியல் போடுற, எனக்கு ஒண்ணு போட்டுக் குடேன்" என்றாள். போட்டுக் கொடுத்தேன். தெளிந்த சூப், வெள்ளரிக்காய், பழச்சாறு. சாப்பாடு முடிந்ததும் கடுந்தேநீர். பருப்பு, முட்டை, பால் எல்லாம் எடை போடும் என்றேன். பயப்படாதே, அதற்கெல்லாம் சேர்த்துக் காலையில் புரதப் பொடி இருக்கிறது என்று ஒரு பெரிய டப்பா வாங்கி வைத்தேன். அதிலிருந்த பொடியை எடுத்துவிட்டுச் சோள மாவும் சர்க்கரையும் கொஞ்சம் கோகோவும் கலந்து நிரப்பினேன். நல்ல பொடியை நான் கொட்டவில்லை. தீக்காயப் பிரிவில் இருந்த ஒரு கிழவருக்குக் கொடுத்தேன், அவருக்குப் புண் சீக்கிரம் ஆறியது. உணவை வீணாக்குவது எனக்குப் பிடிக்காது.

மூன்று மாதம் கழித்து உதிர்ந்தது. குளியலறை வடிகாலில் கிடந்ததையெல்லாம் பொறுக்கிச் செய்தித்தாளில் சுருட்டி அலமாரியில் வைத்துக்கொண்டாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் நாங்கள் அதிகம் பேசிக்கொள்ளாமல் வெகுநேரம் உட்கார்ந்திருப்போம். அது எனக்குப் பிடித்திருந்தது.

அவருக்கு முடி ஒரு பொருட்டாகவே இல்லை. "மொட்டையாவே வா. உன் தலையப் பாத்து நான் சவரம் பண்ணிக்கறேன், கண்ணாடிச் செலவு மிச்சம்" என்று அவர் சொன்னது சமையலறை வரை கேட்டது. அவள் சிரித்தாள், பிறகு அழுதாள். "முடி வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டவள் அவளேதான். தள்ளிப்போடு என்று நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் தனியாகக் கிளம்பிப் போனார்.

அவர் போனதும் அவளுக்கு முட்டை கொடுத்தேன். தினமும் இரண்டு. பால், மீன், பருப்பு, எல்லாம். டப்பாவிலும் நல்ல பொடி போட்டேன். நான்கு மாதத்தில் நெற்றியோரம் பிறந்த குழந்தைக்கு இருப்பது போலப் பூமுடி வந்தது. அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்த வேலையில் அதற்கு மேல் ஒரு சந்தோஷம் கிடையாது.

அவள் கண்ணாடி முன் நின்று, "அக்கா, வந்துடுச்சு! அடுத்த மாசம் கிளம்பிடலாம்ல?" என்றாள்.

மறுபடியும் பட்டியல் போட்டேன். மறுபடியும் டப்பாவை மாற்றினேன்.

இரண்டாம் முறை உடம்பில் சேமிப்பு இருக்காது. அது எனக்குத் தெரியும். எடுக்க வேறு இடம் இல்லாதபோது உடம்பு சதையிலிருந்து எடுக்கும், இதயமும் சதைதான். பயிற்சிச் செவிலியர்களுக்கு இந்தப் பாடத்தை நான்தான் எடுப்பேன். பயணம் ஒரு மாதம், இன்னொரு மாதம் என்று தள்ளிக்கொண்டே போனது. அவளுக்குப் பாதம் வீங்கியது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. கடையில் கூட வேலை செய்கிற பெண் வந்து பார்த்துவிட்டு, "என்னடி இது, டாக்டர்கிட்ட போகலியா?" என்று அதட்டினாள். என் தங்கை என்னைக் காட்டினாள். "எனக்கெதுக்கு டாக்டர்? இவ இருக்கால்ல."

பிறகு ஒரு சாதாரணக் காய்ச்சல், மூன்று நாள். மூன்றாம் நாள் நண்பகலில், நான் வார்டில் தட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, அவள் வீட்டில் தனியாகப் போய்விட்டாள். கிண்ணத்தில் சூப்பை மிச்சம் வைக்கவில்லை.

அவர் வந்தார். இரண்டு நாள் எதுவும் சாப்பிடாமல் இருந்தவர், அவள் குடித்ததையே குடிக்கிறேன் என்று டப்பாவிலிருந்து இரண்டு கரண்டி எடுத்து வெந்நீரில் கலக்கினார். பசையாக இறுகியது. அவள் பச்சைத் தண்ணீரில்தான் கலக்குவாள், வெந்நீர் அதைக் காட்டிக்கொடுத்துவிட்டது. பிறகு என் மருந்துப் பெட்டியிலிருந்து அயோடினை எடுத்து ஒரு சொட்டு விட்டார். பள்ளி ஆய்வகத்தில் வருடாவருடம் பிள்ளைகளுக்குச் செய்து காட்டியதுதான். கருநீலமாக மாறியது.

"அக்கா, இது மாவு."

"ஆமாம்."

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு, தளும்பாமல் நடந்து உங்களிடம் வந்தார்.

நீங்கள் எழுதியதைப் படித்தேன். பொடியை மாற்றியது நான். இரண்டு முறையும் நான். இரண்டாம் முறை என்ன ஆகும் என்று தெரிந்தே செய்தேன். கொலை என்று போட்டிருக்கிறீர்கள், அதன் கீழே கையெழுத்துப் போடுகிறேன். நான்காவது வரியில் இருக்கும் பட்டினி என்ற சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள், ஐயா. அது உண்மையில்லை. இருபத்து மூன்று வருடத்தில் என் தங்கைக்கு ஒரு வேளைகூட நான் சாப்பாடு போடாமல் இருந்ததில்லை.